மழை பெய்தால் அம்மா தூங்குவதில்லை. உளவளத்துணைக்குக் (கவுன்சலிங்) கூட்டிப் போகலாமா?

ஹப்புத்தளை மகள்:
வணக்கம். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்த மண்சரிவில் அவருடைய தங்கச்சி குடும்பம் போய்விட்டது. அங்கே ஓடிப்போய், மண்ணைத் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அம்மா. இத்தனை வருசம் கழித்தும் தகரத்தில் மழை கொட்டத் தொடங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அடையாள அட்டையும் பாஸ் புத்தகமும் உள்ள பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இஸ்தோப்பில்தான் இருப்பார். நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், கழுத்தும் தோளும் இறுகிவிடும்.

ஈ.சி.ஜி. எடுத்தோம், இருதயத்தில் ஒன்றுமில்லை. ஒரு டொக்டர் "சும்மா யோசிக்காம இருங்க" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்கிறார். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பார்க்கலாம் என்றேன். "போனா எல்லாத்தையும் மறுபடி சொல்லச் சொல்லுவாங்க, என்னால ஏலாது" என்கிறார். வற்புறுத்தலாமா?

பதுளை உளவளத்துணையாளர்:
வற்புறுத்த வேண்டாம் தங்கச்சி. அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: மனவடுவை, அதாவது பேரதிர்ச்சி மனதில் விட்ட காயத்தைப் புரிந்த உளவளத்துணையாளர் முதல் நாளே நடந்ததைச் சொல்லச் சொல்ல மாட்டார். எங்கே உட்காருவது, கதவு திறந்திருக்கட்டுமா, மகள் பக்கத்தில் இருக்கட்டுமா, எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவது எல்லாம் அம்மாவின் முடிவு. மண்சரிவு நடந்த அன்றைக்கு எதுவுமே அம்மாவின் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை. அதனால்தான் இந்தச் சின்ன முடிவுகளிலிருந்து தொடங்குகிறோம்.

உடம்பைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த டொக்டரின் வார்த்தை எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் ஏறும், இருதயம் வேகமெடுக்கும், ஓடுவதற்காகத் தசை இறுகும். அவசரமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். விரல் மரத்துப்போவதற்கு அது காரணமாக இருக்கலாம். அம்மா சும்மா யோசிக்கவில்லை. அவர் உடம்பு உண்மையாகவே தவிக்கிறது.

அந்த நேரத்தில் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடட்டும். நீங்களும் கூட உட்கார்ந்து செய்யுங்கள். இது அந்த இரவைக் கடப்பதற்கு மட்டும். உடம்பு அடங்கப் பழகிய பிறகு, அம்மா சம்மதித்தால், நினைவுகளை மெல்லத் தொடும் சிகிச்சைக்குப் போகலாம். மனவடுவை மையமாகக் கொண்ட அறிகை நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றும் பேச்சுச் சிகிச்சை), கண்களை இடமும் வலமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. அம்மா சாமி கும்பிடுபவரா? யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஜெபம், மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் சிகிச்சையோடு சேர்த்தே பயன்படுத்தினார்.

பண்டாரவளை தோட்டத்தான்:
நான் படித்தவன் இல்லை, ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் லயத்து வீட்டுக்கு மேலே உள்ள மலை பத்திரமானதா? பத்திரமில்லை என்றால் அம்மாவின் பயம் நியாயம்தானே! மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

அந்த நிறுவனத்தார் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழை அளவு வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். எங்கள் அப்பாவுக்கும் இதே பயம். மழைமானி வைத்து அவரையே பார்க்கச் சொன்னோம். எந்த மழைக்கு ஓட வேண்டும், எந்த மழைக்குப் படுத்துத் தூங்கலாம் என்று தெரிந்த பிறகு அவருக்குப் பாதி பாரம் இறங்கியது. ஆனால் நிலத்தில் வெடிப்பு விழுந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ மானியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்கிவிட வேண்டும்.

ஹப்புத்தளை மகள்:
இருவருக்கும் நன்றி. நிலத்தைப் பற்றி யாருமே எங்களிடம் கேட்டதில்லை அண்ணா. நாளைக்கே கிராம உத்தியோகத்தரைப் பார்க்கிறேன். இன்னொன்று, அம்மாவுக்குச் சிங்களம் சரியாக வராது. தமிழில் பேச ஆள் கிடைப்பார்களா?

பதுளை உளவளத்துணையாளர்:
தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். முதலில் நீங்கள் பேசிப் பாருங்கள், அம்மா பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.