உதவி தேவை: ‘யுவ வருடம் தை 14’ – பூட்டனின் மரண அறிவித்தலை எப்படித் தேடுவது?

கொடிவழி:
வணக்கம். பூட்டன் யாழ்ப்பாணத்து மானிப்பாயைச் சேர்ந்தவர். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து, சிரம்பானில் காலமானவர். வீட்டுக் கொப்பியில் ‘யுவ ௵ தை ௴ 14 ௳ பூர்வபட்சம்’ என்று மட்டும் இருக்கிறது (௵ வருடம், ௴ மாதம், ௳ நாள்). யுவ என்றால் 1935 என்று தமிழ் ஆண்டுப் பட்டியல் சொல்கிறது. 1935 ஜனவரி, பெப்ரவரி இதழ்களில் அறிவித்தல் எதுவும் இல்லை. இணையத்தில் பெயரைத் தட்டினாலும் வரவில்லை. எங்கே பிழை?

பழந்தாள்:
பிழை ஆண்டில்தான். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. யுவ 1935 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1936 ஏப்ரல் வரை ஓடும். அதனால் யுவ வருடத்துத் தை மாதம் 1936 ஜனவரியில் வரும். மார்கழி நடுப்பகுதி முதல் பங்குனி வரையான எந்தத் தேதிக்கும் பட்டியலில் உள்ள ஆங்கில ஆண்டோடு ஒன்றைக் கூட்டுங்கள். வம்சாவழி தேடுவோர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

தை 1 ஜனவரி 14 என்று கொண்டால், தை 14 என்பது 1936 ஜனவரி 27, திங்கட்கிழமை. கொப்பியில் பூர்வபட்சம், அதாவது வளர்பிறை, என்று எழுதிவைத்தது பெரிய உதவி. 1936 ஜனவரி 24 அமாவாசை, ஆகவே 27 வளர்பிறை. 1935 ஜனவரி 19 பௌர்ணமி, அந்த ஆண்டு ஜனவரி 27 தேய்பிறை. திதியே 1935-ஐத் தள்ளிவிடுகிறது. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் இருக்கலாம், 26 முதல் 28 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

நுண்படம்:
மேலே சொன்னது சரி. எந்தப் பத்திரிகை என்பதற்கு வருகிறேன்.

மலாயாப் பக்கம் 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு. யாழ்ப்பாணப் பக்கம் இந்து சாதனம், ஈழகேசரி. கிறிஸ்தவக் குடும்பமானால் உதயதாரகையையும் விடாதீர்கள். ஊர்ப் பத்திரிகைக்குச் செய்தி கப்பல் தபாலில் போயிருந்தால் சில வாரம் பிந்தியிருக்கும். அதனால் அங்கே மார்ச் முடியும்வரை பாருங்கள். 31ஆம் நாள் சடங்கு பெப்ரவரி 26-இல் விழுகிறது, அதை ஒட்டியும் அறிவித்தலோ நன்றி நவிலலோ வரக்கூடும். முதலாண்டு நினைவு திதிப்படி வரும் என்பதால் 1937-இல் ஜனவரி 27-க்குக் காத்திராமல் மாத நடுவிலிருந்தே பாருங்கள்.

இன்னொன்று. பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி 20 இறந்து, 28-இல் அடக்கம் நடந்தது. அந்த வாரத்துப் பக்கங்களில் அதுவே நிறைந்திருக்கும். சிறு அறிவித்தல்கள் வழக்கமான பத்தியில் இல்லாமல் வேறு பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கலாம், எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

கொடிவழி:
மிக்க நன்றி. இணையத் தேடலில் பெயர் வராதது ஏன்?

பழந்தாள்:
பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் (OCR) பழைய அச்சை ஒழுங்காக வாசிப்பதில்லை. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சில் ணா, றா, னா மூன்றும் சுழித்த ஒற்றை வடிவம், ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்த வடிவம். மென்பொருள் இவற்றை வேறெழுத்தாகக் கொள்ளும். தேய்ந்த அச்சில் புள்ளியும் மறைந்துவிடும். ஆகவே ‘பிள்ளை’ என்று முடியும் பெயரை முழுதாகத் தட்டாதீர்கள். இந்த எழுத்துகள் இல்லாத துண்டை மட்டும் கொடுங்கள். அல்லது பெயரை விட்டு ஊரைத் தேடுங்கள். தலைப்பும் ‘மரண அறிவித்தல்’ என்றே இருக்காது: தேகவியோகம், துக்கச் செய்தி, சிவபதமடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் எல்லாவற்றையும் முயலுங்கள். இதிலும் அகப்படாவிட்டால் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்ப்பதே வழி.

நுண்படம்:
ஆங்கிலப் பத்திரிகைகளில் வாய்ப்பு இன்னும் கூட. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி (NewspaperSG) தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன் இரண்டும் உண்டு. தமிழ்ப் பெயரை அன்று பலவிதமாக எழுதினார்கள். கந்தையாவுக்கே ‘த’ இருக்கும் இடத்தில் d, th என்று இரண்டு வடிவம் வரும். சிரம்பான், ரயில்வே, சிலோன் தமிழர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டி, தேதியை ஜனவரி 27 முதல் பெப்ரவரி 10 வரை ஒடுக்குங்கள்.

ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் (noolaham.org) நினைவு மலர்களையும் பாருங்கள். 31ஆம் நாளுக்கு அச்சடித்த ‘கல்வெட்டு’ என்னும் நினைவு நூலில் வம்சாவழியே இருக்கக்கூடும், பத்திரிகையின் நாலு வரியைவிட அது பல மடங்கு பெறுமதி.

கொடிவழி:
1936 ஜனவரி 30 இதழொன்றில் அதே பெயர், அதே ஊர் அகப்பட்டது! ‘சென்ற திங்கட்கிழமை’ என்று இருக்கிறது. ஆனால் முதலெழுத்து வேறு. அவர்தானா?

பழந்தாள்:
ஜனவரி 30 வியாழன், சென்ற திங்கள் 27. நாள் பொருந்துகிறது. ஆனாலும் முதலெழுத்தை அச்சுப்பிழை என்று ஒதுக்காதீர்கள், அது தகப்பன் பெயர். மானிப்பாயில் அதே பெயரில் இன்னொருவர் இருந்திருக்கலாம். அறிவித்தலில் மனைவி, மருமக்கள், மைத்துனர் பெயர் இருந்தால் கொப்பியோடு ஒப்பிடுங்கள். இரண்டு பெயராவது ஒத்துவந்தபின் உங்கள் வம்சாவழியில் ஏற்றுங்கள். படம் எடுக்கும்போது பத்திரிகைத் தலைப்பும் தேதியும் தெரிய முழுப் பக்கத்தை எடுத்து, பக்க எண், பத்தி எண்ணைக் கூடவே குறித்துவையுங்கள்.