தர்க்கம் சொல்லித்தர எடுத்துக்காட்டுகள் தேவை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தர்க்கத்தின் அடிப்படைகளைச் சொல்லித் தருகிறேன். மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் வாதத்தின் ஐந்து உறுப்புகளில் தொடங்கினேன்: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (எடுத்துக்காட்டை இங்கே பொருத்துவது), நிகமனம் (முடிவு). இம்மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்ப்பதுபோல. இதுவரை எல்லோரும் கூடவே வந்துவிட்டார்கள்.

சிக்கல் அடுத்த படியில்தான். 'மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது' என்று பலகையில் எழுதிப் போட்டேன். பாதிப் பேர் சரி என்றார்கள். தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கலாமே என்றதும் புரிந்துகொண்டார்கள். அப்புறம் 'மீன்களெல்லாம் பறக்கும். நெத்திலி ஒரு மீன். ஆகவே நெத்திலி பறக்கும்' என்பது வடிவில் சரியான வாதம் (முதல் இரண்டு வரிகளும் உண்மையென்றால் முடிவும் உண்மையாகத்தான் இருக்கும்), முதல் வரிதான் பொய் என்றேன். வகுப்பே சண்டைக்கு வந்துவிட்டது! முடிவு தப்பென்றால் வாதமும் தப்புதானே என்கிறார்கள். (நியாயமான கோபம்தான்.)

வடிவம் வேறு, உண்மை வேறு என்பதை இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புரியவைத்த ஆசிரியர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த எடுத்துக்காட்டு கைகொடுத்தது? வாட்ஸ்அப்பில் சுற்றும் 'கஷாயம் குடித்தேன், மூன்றாம் நாள் சளி போய்விட்டது, கஷாயத்தால்தான் போனது' ரக வாதங்கள் கையில் இருந்தாலும் அனுப்புங்கள். கட்சி, சாதி, மதம் மட்டும் வேண்டாம். அங்கே போனால் பிள்ளைகள் வாதத்தை விட்டுவிட்டு, சொன்ன ஆள் யார் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சிட்டுக் கொண்டுபோக வசதியாக இருக்கும்.