ஜாக் லண்டனின் பனிக்காட்டுக் கதை: கதைசொல்லி முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகிறாரா?

கருவேலன்:

ஜாக் லண்டன் 1908ஆம் ஆண்டு ‘செஞ்சுரி’ இதழில் வெளியிட்ட ‘தீ மூட்ட’ என்னும் சிறுகதையை மூன்றாம் முறையாக வாசித்து முடித்தேன். வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவின் யூகான் பகுதியில், சூரியன் தலைகாட்டாத குளிர்காலப் பகல் ஒன்றில், அந்த நிலத்துக்குப் புதியவனான ஒருவன் ஒரு நாயை மட்டும் துணையாகக் கொண்டு, ஹெண்டர்சன் ஓடை வழியாகத் தன் கூட்டாளிகள் இருக்கும் முகாமுக்கு நடக்கிறான். மாலை ஆறு மணிக்குச் சேர்ந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. வழியில் பனிக்கட்டி உடைந்து, முழங்காலுக்குப் பாதி உயரம் வரை நனைந்துவிடுகிறான். காலை உலர்த்த மூட்டிய தீயின் மேல் ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளில் தேங்கியிருந்த பனி சரிந்து விழுகிறது. மறுபடி மூட்ட விரல்கள் ஒத்துழைக்கவில்லை, அவன் இறந்துபோகிறான், நாய் முகாமை நோக்கி ஓடிவிடுகிறது.

என் மனக்குறை இதுதான். அவனிடம் கற்பனை இல்லை என்றும், அதுதான் அவனுடைய கோளாறு என்றும் கதை தொடங்கிச் சற்று நேரத்திலேயே கதைசொல்லி அறிவித்துவிடுகிறார். சுழியத்துக்குக் கீழே ஐம்பது பாகையையும் தாண்டி இறங்கிய குளிரில் தனியாகப் பயணம் போகக்கூடாது என்று எச்சரித்த சல்ஃபர் ஓடை முதியவரின் நினைவும், ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து வாலைத் தொங்கவிட்டு நடக்கும் நாயும் அடுத்தடுத்து வந்து அதே தீர்ப்பை உறுதி செய்கின்றன. இவ்வளவையும் சொல்லிவிட்ட பிறகு எஞ்சியிருப்பது, முன்பே எழுதப்பட்ட தீர்ப்பை நிறைவேற்றும் வேலை மட்டுமே. முன்னுணர்த்தல் என்னும் உத்தியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது மூட்டமாக வானத்தில் நிற்க வேண்டும். இங்கே முரசறைந்து சொல்லப்படுகிறது.

வடகாற்று:

கருவேலன் அண்ணா, கனடாவின் மனிடோபா மாகாணத்தில் பதினேழு குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். அந்த வாக்கியத்தை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கதைசொல்லி அவனை மூடன் என்று சொல்லவில்லை. புறப்பொருள்களைக் கவனிப்பதில் அவன் விழிப்பானவன் என்றும், அவற்றின் உட்பொருளை எண்ணிப் பார்ப்பதில்தான் குறைபட்டவன் என்றும் பிரித்துச் சொல்கிறார். கதையும் அதைக் காட்டிக்கொண்டே போகிறது. ஓடையின் ஒவ்வொரு வளைவையும், மரங்கள் ஒதுங்கிக் கிடக்கும் இடங்களையும் அவன் பார்த்துக்கொண்டே நடக்கிறான். மலைச்சரிவில் ஊறும் ஊற்றுகள் எந்தக் குளிரிலும் உறையாமல் பனிக்கு அடியில் ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். ஐயம் எழுந்த இடத்தில் நாயை முன்னே விரட்டிப் பனிக்கட்டியின் வலுவைச் சோதிக்கிறான். இத்தனை கவனமுள்ளவன், எந்த அடையாளமும் இல்லாமல் உறுதியாகத் தோன்றிய இடத்தில்தான் நீரில் இறங்குகிறான். தீர்ப்பு முன்பே எழுதப்பட்டது என்றால் அவன் கவனமின்மையால் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

எண்களைப் பாருங்கள். அன்றைய குளிர் ஃபாரன்ஹீட் கணக்கில் சுழியத்துக்குக் கீழே 75 பாகை. செல்சியஸில் ஏறத்தாழ மைனஸ் 59. இது மிகைப்படுத்தல் அன்று. அதே யூகானில் ஸ்நாக் என்னும் இடத்தில் 1947 பிப்ரவரியில் மைனஸ் 63 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. ஃபாரன்ஹீட்டில் உறைநிலை 32 பாகை என்பதால் மொத்தம் 107 பாகை உறைபனி என்று கதையில் கணக்குக் கூட்டப்படுகிறது. ஆனால் அந்தத் தொகை அவனுக்குள் எங்கும் இறங்குவதில்லை. துப்பிய எச்சில் தரையைத் தொடுமுன் காற்றிலேயே வெடித்து உறைவதைக் கண்டும், எதிர்பார்த்ததைவிடக் குளிர் அதிகம் என்று குறித்துக்கொண்டு நடையைத் தொடர்கிறான்.

ஒரு முறை மைனஸ் 38 பாகையில், வீட்டு வாசலில் கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டைப்பையில் சாவியைத் தேடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிராது. விரல்களுக்கு நடுவே சாவி இருக்கிறதா இல்லையா என்பதைக் கையை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கதையில் அவன் சுள்ளியைத் தொட்டுவிட்டு, அது கையில் இருக்கிறதா என்று கண்ணால் சரிபார்க்கும் இடத்தை வாசித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தீர்ப்பு முன்பே தெரிந்திருந்ததால் அந்த இடத்தின் அச்சம் எனக்குக் கடுகளவும் குறையவில்லை.

திணைமொழி:

இருவரும் பாத்திரத்தை வைத்தே பேசுகிறீர்கள். நான் நிலத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். நமக்குச் சங்கக் கவிதையின் திணை மரபிலிருந்து முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள் (அந்நிலத்தின் உயிர்களும் பொருள்களும்), உரிப்பொருள் (அதற்குரிய மனித உணர்வு) என்றொரு வாசிப்பு முறை கைவசம் இருக்கிறது. இக்கதையின் முதற்பொருள் ஒரு மைல் அகலமும் மூன்றடிப் பனிக்கட்டியும் கொண்ட யூகான் ஆறும், பகலவன் வராத பகலும். கருப்பொருள்கள் நாய், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரப்பட்டை, கந்தகத் தீக்குச்சி ஆகியவை. இவற்றை வெறும் பின்னணி என்று ஒதுக்க இயலாது. கதையின் ஒவ்வொரு திருப்பத்தையும் ஒரு கருப்பொருளே நிகழ்த்துகிறது. தீயைக் கொடுப்பது பிர்ச் பட்டை. தீயைப் பறிப்பது ஸ்ப்ரூஸ் மரம். மனிதனுக்கு எதிராக இயற்கை என்று பாடநூல்கள் எழுதும் வாய்பாடு இங்கே பொருந்தாது என்பதற்கும் இதுவே சான்று. அந்த மரத்திடம் பகை எதுவும் இல்லை. அவன் சுள்ளி பிடுங்கிய ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு சிறு அதிர்வு போய்ச் சேர்ந்தது. அதிர்வுகள் சேர்ந்து பனி சரிந்தது. பகைவனே இல்லாத இடத்தில் ஒருவன் கொல்லப்படுகிறான் என்பதுதான் இதன் கொடுமை.

கருவேலன்:

திணைமொழி அம்மா சொன்ன மரத்தின் காரணகாரியத் தொடர் மிக நுட்பமானது, அதை ஏற்கிறேன். ஆனால் திணை என்னும் அளவுகோலை இங்கே நீட்டுவது சரியா என்று எனக்கு ஐயம். திணைக் கவிதையில் நிலம் மனித உணர்வோடு இசைந்து நிற்கும். முல்லையின் மாலைப்பொழுதும் காத்திருப்பும் ஒன்றையொன்று தாங்கும். பாலையின் வெம்மைக்குள் பிரிவின் துயர் இருக்கும். லண்டனின் நிலம் எந்த உணர்வையும் தாங்கவில்லை. அவனுக்கு அச்சம் வந்தபோது வானம் இருளவில்லை. நம்பிக்கை வந்தபோது வெளுக்கவும் இல்லை. முதலும் கருவும் இருக்கின்றன. உரிப்பொருளுக்கு உரிய இடம் காலியாக இருக்கிறது. இயற்கைவாத எழுத்தாளர்கள் சொல்ல வந்ததே அதுதான்: உலகம் மனிதனைப் பொருட்படுத்துவதில்லை.

திணைமொழி:

நீங்கள் சொன்னதையே என் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். உரிப்பொருளின் இடம் காலியாக இருக்கிறது என்று உணர்வதற்கே நமக்குத் திணை வாசிப்பு தேவைப்பட்டது. அந்த வெற்றிடம் ஆசிரியர் தெரிந்தே விட்டது. அதை நிரப்பும் பொறுப்பு நாய்க்குக்கூடக் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நாய் அவனிடம் அன்பு கொண்டது அன்று. அவன் சாட்டைக்குப் பணியும். அவன் தீயை விரும்பும். அவனுடைய நலத்தில் அதற்கு அக்கறை இல்லை. நாயின் மனத்துக்குள் கதைசொல்லி சென்று வருவதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். உள்ளே போய் அவர் எடுத்து வருவது பாசத்தை அன்று. கால் விரல்களுக்கு நடுவே உறைந்த நீரை நாய் கடித்து நீக்கும்போது, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அதற்குத் தெரியாது. மனிதனுக்கு ஏன் என்று தெரியும். நனைந்தவுடன் அவனும் தீ மூட்டத்தான் செய்கிறான். ஒரே செயலை இரண்டு உயிர்கள் இரண்டு வழியாகச் செய்கின்றன. ஒன்றின் வழியில் பிழைக்கு இடமே இல்லை.

ஏட்டுச்சுவடி:

விவாதத்துக்குப் பயன்படும் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். இதே தலைப்பில், இதே கருவை வைத்து லண்டன் 1902ஆம் ஆண்டிலேயே ஒரு கதை எழுதினார். அது இளையோருக்கான ‘யூத்ஸ் கம்பேனியன்’ இதழில் வந்தது. அதில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் இருக்கிறது, நாய் கிடையாது, தீ ஒரு முறை அணைந்தாலும் போராடி மறுபடி மூட்டி உயிர் தப்புகிறான், தனியாகப் பயணம் போகாதே என்ற பாடத்தோடு கதை முடிகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து அதையே திரும்ப எழுதியபோது பெயரை எடுத்துவிட்டார், நாயைச் சேர்த்தார், பாடத்தை நீக்கினார், அவனைச் சாகவிட்டார். பெயரில்லாத அந்த ‘மனிதன்’ என்னும் சொல் பத்திக்குப் பத்தி திரும்பத் திரும்ப வரும்போது, ஒரு தனி ஆளின் விபத்து என்று அதை ஒதுக்கிவிட வாசகரால் முடிவதில்லை. லண்டன் 1897இல், தம் இருபத்தொன்றாம் வயதில், தங்கம் தேடி அங்கே போய், ஹெண்டர்சன் ஓடையில் தம் பெயரில் ஒரு நிலப் பகுதியைப் பதிந்துகொண்டு, அந்தக் குளிர்காலத்தை அங்கேயே கழித்து, ஸ்கர்வி நோயோடு ஊர் திரும்பியவர். அவர் எழுதியது தம் காலடி பட்ட ஓடையைப் பற்றி.

கருவேலன்:

நன்றி. இது என் வாதத்துக்கு வலு சேர்ப்பதாகவே நினைக்கிறேன். 1902இல் கதையின் முடிவில் இருந்த பாடத்தை 1908இல் நீக்கியவர், அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்க் கதைசொல்லியின் வாயில் வைத்துவிட்டார். மேலும், தீ எப்படி அணைந்தது என்று காட்டும் முன்பே, மரத்தடியில் மூட்டியிருக்கக் கூடாது, வெட்டவெளியில் மூட்டியிருக்க வேண்டும் என்று மறுபடியும் குறுக்கே வந்து சொல்கிறார். பனி விழுவதை அடுத்த வரிகளில் நாங்களே கண்ணால் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்பே இந்த விளக்கம் எதற்கு?

வடகாற்று:

மரத்தடி வாக்கியத்தை நான் காக்கப் போவதில்லை. அது இல்லாமலும் அந்த இடம் நிற்கும். ஆனால் கற்பனை இல்லாதவன் என்ற வாக்கியத்தை நீக்கினால் கதையின் கடைசிப் பக்கம் சரிந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அவன் முடிவை வரிசையாக நினைத்துப் பாருங்கள். எழுபது தீக்குச்சிகளையும் மொத்தமாகப் பற்றவைத்து, இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடிக்கிறான். சதை எரியும் வாடை வருகிறது. வலி மட்டும் தாமதமாக வந்து சேர்கிறது. அந்தத் தீயும் அணைகிறது. நாயைக் கொன்று அதன் உடல் சூட்டில் கைகளைப் புதைக்க நினைக்கிறான். கட்டிப்பிடித்த பிறகுதான் கத்தியை உருவவோ கழுத்தை நெரிக்கவோ கைகளால் இயலாது என்று தெரிகிறது. அச்சம் தலைக்கேறி ஓடுகிறான், விழுகிறான். அதன் பிறகு அமைதியாக உட்கார்ந்து, மறுநாள் கூட்டாளிகள் தன்னைத் தேடி வருவதைக் காண்கிறான். அவர்களோடு அவனும் நடந்து வருகிறான்; ஒரு வளைவைத் திரும்பும்போது பனியில் கிடக்கும் தன் உடலைத் தானே கண்டெடுக்கிறான். அடுத்து, கதகதப்பாக உட்கார்ந்து குழாய் புகைக்கும் சல்ஃபர் ஓடை முதியவர் தெளிவாகத் தெரிகிறார்; நீர் சொன்னதே சரி என்று அவரிடம் முணுமுணுக்கிறான்.

அண்ணா, கற்பனையே இல்லை என்று அறிமுகப்படுத்தப்பட்டவன், வாழ்க்கையில் முதல் முறையாகக் கற்பனை செய்கிறான். எதை நினைத்துப் பார்த்திருந்தால் காலையிலேயே திரும்பியிருப்பானோ, அதை, தன் சாவை, வெளியிலிருந்து பார்க்கிறான். தொடக்கத்தில் நீங்கள் தீர்ப்பு என்று வாசித்த வாக்கியம் உண்மையில் ஒரு கடன். கடைசிப் பக்கத்தில்தான் அது அடைகிறது.

கருவேலன்:

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடி, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தாளால் மறைத்துவிட்டுக் கதையை மீண்டும் வாசித்தேன். ஓடை வளைவில் அவன் தன்னைத்தானே கண்டெடுக்கும் இடம் அப்போது உறைந்து சாகும் ஒருவனின் மயக்கமாக மட்டுமே தெரிந்தது. தாளை எடுத்துவிட்டு வாசித்தபோது அது வேறாகிவிட்டது. இந்த இடத்தில் நான் பிழையாக வாசித்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மரத்தடி வாக்கியத்தைப் பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது.

திணைமொழி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அவன் இறந்த பிறகும் கதை நிற்காமல் ஒரு பத்தி நீள்கிறதே, அது யாருக்காக?

திணைமொழி:

அந்தப் பத்தியில் மனிதன் இல்லாத நிலம் மட்டும் இருக்கிறது. பொழுது சாய்கிறது, தீ மூட்டாமல் ஒருவன் பனியில் இப்படி உட்கார்ந்திருப்பதை நாய் அதுவரை கண்டதில்லை. முனகுகிறது, கிட்டே போகிறது, சாவின் வாடை பட்டதும் மயிர் சிலிர்த்துப் பின்வாங்குகிறது. குளிர் வானத்தில் துள்ளி மின்னும் விண்மீன்களுக்குக் கீழே சற்று நேரம் ஊளையிடுகிறது. அந்த ஊளையை இரங்கல் என்று வாசிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே அது தனக்குத் தெரிந்த முகாமை நோக்கித் திரும்புகிறது. அங்கே உணவு தருகிறவர்களும் தீ தருகிறவர்களும் வேறு பேர் இருக்கிறார்கள். நாய் அவனைப் பற்றி வைத்திருந்த பெயரும் அதுவே: தீ தருகிறவன். நாள் முழுதும் உடன் வந்த ஒரே உயிர் அவனுக்கு வைத்திருந்த பெயர் அது ஒன்றுதான். அதையும் அது முகாமில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது.