பதினொரு பக்கப் படிவமும் மாமாவின் கணக்கும்

ஹரோ_கிளீனர்
லண்டனில் நான்கு அலுவலகங்கள், ஒரு பல் வைத்தியசாலை, பதினொரு ஆட்கள். இவ்வளவுதான் என் கம்பெனி. போன வாரம் ஒரு கட்டடத்தின் மேனேஜர் படிவம் ஒன்று அனுப்பினார், அதுவும் பதினொரு பக்கம். 'நவீன அடிமைத்தனத்தைத் தடுக்க உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது?' நான் என்ன, ஆட்களைச் சங்கிலியில் கட்டியா தரை துடைக்க விடுகிறேன்? பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டப்படி ஆண்டு வருமானம் 36 மில்லியன் பவுணோ அதற்கு மேலோ உள்ளவர்கள்தான் இதைப் பற்றி அறிக்கை வெளியிட வேண்டும். அவர்களும் 'நாங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதிப் போட்டால் சட்டப்படி அது போதும்! பெரியவர்கள் தங்கள் தலையிடியை என் தலையில் கட்டுகிறார்கள். யாரிடமாவது நிரப்பிய படிவம் இருந்தால் அனுப்புங்கள், பார்த்து எழுதிவிடுகிறேன்.

பேரோல்_சுபா
சட்டத்தில் அந்த ஓட்டை இருப்பது உண்மைதான் அண்ணா. நான் மூன்று கிளீனிங் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன், இந்தப் படிவங்களில் பாதி வெறும் குப்பை. ஆனால் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்: இரண்டு பேரின் சம்பளம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போகிறதா? அதற்கு என்ன எழுதினீர்கள்?

ஹரோ_கிளீனர்
ஒரு புருஷன் பெண்சாதிக்குக் கூட்டுக் கணக்கு. அப்புறம் ஒரு பொடியனின் சம்பளம் அவனுடைய மாமாவின் கணக்குக்குப் போகிறது. வந்து ஏழு மாதம்தான், முகவரிக்கு அத்தாட்சி இல்லையென்று வங்கியில் இழுத்தடித்தார்களாம். அவனே கேட்டான், போட்டுவிட்டேன். அதே வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு பிள்ளையின் சம்பளமும் அங்கேதான் போகிறது. இரண்டு பேருக்கும் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். அதற்குமேல் குடும்ப விஷயத்தில் நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும்?

இரவுப்பணி
அவன் கேட்டபோது மாமா பக்கத்தில் இருந்தாரா?

ஹரோ_கிளீனர்
இருந்தார். அவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். அதில் என்ன?

வெம்பிளி_பெரியவர்
நான் 1991இல் வந்தவன். மணிக்கு இரண்டு பவுணுக்கு இரவில் கக்கூஸ் கழுவினேன். அப்போது எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்றே இல்லை. அது 1999 ஏப்ரலில்தான் வந்தது, 3 பவுண் 60 பென்ஸ். என்னைக் கூப்பிட்ட ஏஜென்சிக் காசு அடையும்வரை என் சம்பளம் முழுக்க மச்சானின் கையில்தான் போனது. எனக்குச் சோறு போட்டான், பஸ்ஸுக்குக் காசு தந்தான். அவனை அடிமை வியாபாரி என்பீர்களா? எல்லாவற்றையும் அடிமைத்தனம் என்று சொன்னால், கடைசியில் உண்மையிலேயே பூட்டி வைக்கப்பட்டவனுக்குச் சொல்ல வார்த்தை மிஞ்சாது, பிள்ளைகள்.

இரவுப்பணி
ஐயா, உங்கள் மச்சானிடம் "நாளையிலிருந்து என் காசு என் கையில்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு மாதம் கோபமாக இருந்திருப்பார். என் கதை வேறு.

நான் திருச்சியிலிருந்து படிக்க வந்தவன். கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். லண்டனுக்குப் பக்கத்து ஊரான ஸ்லவ்வில் எனக்கு வேலை கொடுத்தவர் முதல் மாதமே 32 மணி நேரம் போட்டார். சந்தோஷமாகச் செய்தேன், கட்டணம் கட்ட வேண்டுமே. காகிதத்தில் என்னைச் 'சுயதொழில்' என்று காட்டியிருந்தார். மாணவர் விசாவில் சுயதொழிலே செய்யக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது, அவருக்குத் தெரியும். விடிகாலை நான்கரைக்கு ஹென்றி ஹூவர் என்ற தூசு உறிஞ்சியை இழுத்துக்கொண்டு மூன்று மாடி. சிவப்பு மொப் கழிவறைக்கு, நீலம் மற்ற இடத்துக்கு, இரண்டையும் மாற்றினால் திட்டு. மூன்றரை மணி நேர வேலை, எழுதுவது இரண்டு மணி. மூன்றாவது மாதம் கேட்டேன். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. "தம்பி, நீ எத்தனை மணி வேலை செய்தாய் என்று விசா கொடுக்கும் ஹோம் ஆபிஸிடம் நானே சொல்லவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மேலும் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு துடைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது ஐயா, சாவிகூட என்னிடம்தான் இருந்தது.

வெம்பிளி_பெரியவர்
அது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் அவன் செய்ததையும் இந்தப் பொடியனின் மாமா செய்வதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எங்கள் வீடுகளில் இது வழக்கம்.

பேரோல்_சுபா
வழக்கம் என்பதால்தான் யாரும் பார்ப்பதில்லை ஐயா. கேம்பிரிட்ஜ்ஷையரில் ஒரு துரித உணவுக் கடையிலும் வேறு இடத்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையிலும் செக் நாட்டுக்காரர்களை ஒரு கும்பல் வருடக்கணக்காக வேலை செய்யவிட்டுச் சம்பளத்தைச் சுருட்டியது. அந்தக் கடையில் நான்கு பேரின் சம்பளமாவது ஒரே கணக்குக்குப் போனது என்று 2024இல் பிபிசி வெளியிட்டது. எல்லாம் வங்கி வழியாகப் போன சம்பளம். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி அண்ணா, இன்னொன்று. படிவம் அனுப்பிய அதே மேனேஜர் உங்களுக்கு மணிக்கு எவ்வளவு தருகிறார்?

ஹரோ_கிளீனர்
13.90 பவுண். வாட் வரி தனி.

பேரோல்_சுபா
2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சச் சம்பளத்தையே எடுங்கள், 21 வயதும் அதற்கு மேலும் என்றால் 12.21. அதன்மேல் விடுமுறைச் சம்பளம் 12.07 சதவீதம், அதாவது 1.47. மொத்தம் 13.68. மிச்சம் 22 பென்ஸ். அதற்குள் பென்ஷன், தேசியக் காப்பீடு, பிளீச், குப்பைப் பை, இன்சூரன்ஸ், உங்கள் வேன், உங்கள் வயிறு. எப்படிக் கட்டுப்படியாகிறது?

ஹரோ_கிளீனர்
வேகமாகச் செய்கிறவர்களை எடுக்கிறேன். மூன்று மணி வேலையை இரண்டரையில் முடிப்பார்கள்.

இரவுப்பணி
முடிப்பார்களா, முடித்ததாக எழுதுவீர்களா அண்ணே?

ஹரோ_கிளீனர்
உங்களுக்கென்ன, எழுதுவது சுலபம். 15 கேட்டேன், பக்கத்துக் கம்பெனி 13.50க்கு நிற்கிறான் என்றார். இதைச் சொல்லிவிட்டு அடிமைத்தனத்தை ஒழிக்கச் சொல்லி எனக்கே படிவம் அனுப்புகிற அந்த ஆளை நீங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விலையில் யாரால் நேர்மையாகச் செய்ய முடியும்?

பேரோல்_சுபா
இதில் நான் உங்கள் பக்கம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கையே எழுதி அனுப்புங்கள். கோபப்படுவார், ஒப்பந்தம் போனாலும் போகலாம். ஆனால் மாமாவின் கணக்குக்கு மேனேஜர் பொறுப்பில்லை. பொடியனையும் அந்தப் பிள்ளையையும் தனித்தனியாக, அந்த வீட்டு ஆட்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது? கையில் எவ்வளவு வருகிறது? மாமாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள், கேட்டால் நாளைக்கே இரண்டு பேரையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால் நவீன அடிமைத்தனத்துக்கான ஹெல்ப்லைனில் பேசுங்கள். வயது வந்தவர் என்றால் அவர் சம்மதிக்காமல் யாரும் அவரை அரசின் உதவித் திட்டத்துக்கு அனுப்ப முடியாது, அதனால் பயப்படவும் வேண்டாம்.

வெம்பிளி_பெரியவர்
கேட்டுப் பார்ப்பதில் குறைவில்லை தம்பி. நான் சொன்னது சரியென்றால் சிரித்துவிட்டுப் போவான்.

ஹரோ_கிளீனர் (இரண்டு நாள் கழித்து)
பல் வைத்தியசாலையில் நேற்று அவன் தனியாக இருந்தான். "உன் பெயரில் கணக்குத் திறக்க நான் கடிதம் தருகிறேன், அடுத்த மாதத்திலிருந்து அதில் போடலாம்" என்றேன். மொப்பைப் பிழிந்துகொண்டே, "வேண்டாம் அண்ணா, அங்கேயே போடுங்கோ" என்றான். பாஸ்போர்ட்டைக் கேட்டேன், வீட்டில் இருக்கிறதாம். யாரிடம் என்றதற்குப் பதில் இல்லை. சரியென்று விட்டுவிட்டு வேனில் ஏறினேன்.

ஹரோவுக்குத் திரும்பும் முன்பே மாமா எனக்குப் போன் எடுத்துவிட்டார். "பொடியன் ஒழுங்காக வேலை செய்கிறான்தானே, ஏன் தேவையில்லாத கேள்வி?" என்கிறார்.

சுபா, அந்த ஹெல்ப்லைன் நம்பரை அனுப்புங்கள்.