பூசானில் (தென் கொரியா) குடியேறப் போகிறேன், வார நாட்கள் எப்படி இருக்கும்?

உப்பளத்தாள்:
வணக்கம். செப்டம்பரில் பூசான் வருகிறேன். புக்யோங் தேசியப் பல்கலைக்கழகத்தில் மீன்வள ஆராய்ச்சி, கணவர் கொஞ்ச நாள் கழித்துத்தான் வருவார். யூடியூபில் பூசான் என்று தேடினால் குவாங்கல்லி பாலத்து விளக்கும் கம்சோன் வண்ண வீடுகளும்தான் மாறி மாறி வருகின்றன, எடுத்தவர்கள் எல்லாரும் இரண்டு நாள் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்பது. மீன் குழம்பு வைக்க முடியுமா, ராத்திரி லேப் முடிந்து தனியாக நடந்து வரலாமா, வேலை வேலை என்று ஓடினால் கடல் கண்ணிலேயே படாமல் போய்விடுமா? தரகர் இரண்டு அறைகள் காட்டியிருக்கிறார். ஒன்று யோங்டோ தீவின் மேட்டில், ஜன்னலில் கடலும் கப்பலும், வாடகையும் குறைவு. இன்னொன்று கல்லூரிக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். நான் தூத்துக்குடி, கடலைப் பார்த்தே வளர்ந்தவள், மனசு முதல் அறைக்குத்தான் போகிறது.

தேயோன்வாசி:
அக்கா, சுவர் தெரிகிற அறையை எடுங்கள், சொல்லிவிட்டேன்.

நல்ல காட்சி உள்ள வீட்டுக்கு ஏன் வாடகை குறைவு என்று யோசித்துப் பாருங்கள். 1950-53 கொரியப் போரில் பூசான்தான் தற்காலிகத் தலைநகரம், வடக்கிலிருந்து அகதிகள் வந்து குவிந்தார்கள், சமதரையில் இடமில்லாததால் மலைச்சரிவில் கிடைத்த பலகையையும் தகரத்தையும் வைத்துக் குடிசை போட்டார்கள். நீங்கள் வீடியோவில் பார்த்த கம்சோனும் ஐம்பதுகளில் இப்படி ஏழைகள் குடியேறிய சரிவுதான், பெயின்ட்டும் ஓவியமும் 2009-க்கு அப்புறம் வந்தவை. காட்சி இலவசம், படிக்கட்டுக்குத்தான் காசு. பத்துக் கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு ஜனவரிக் காற்றில் ஏறும்போது அது புரியும். சியோல் அளவுக்குக் குளிர் கிடையாது, பனியும் அபூர்வம், ஆனால் கடல்காற்று காதைப் பிய்த்துவிடும். மேட்டுக்குப் போகும் சின்ன ஊர்ப் பேருந்து ராத்திரி நிற்பதற்குள் நீங்கள் லேபிலிருந்து கிளம்பியாக வேண்டும், அதுவும் ஒரு தலைவலி.

கல்லூரிப் பக்கம் ஓரறை வீட்டுக்கு ஏறக்குறைய 50 லட்சம் வான் (கொரியப் பணம்) முன்பணம், மாதம் 4 லட்சம் வானுக்கு மேல், பராமரிப்புக் கட்டணம் தனி. வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று சட்டம், ஆனால் வந்த வாரமே ஓடிப்போய்ப் பதிந்துவிடுங்கள், அந்த அட்டை கையில் வரும் வரை உங்கள் பேரில் போன் இணைப்பு எடுப்பது கஷ்டம், போன் இல்லாமல் ஆன்லைனில் ஒன்றும் வாங்க முடியாது. கூகுள் மேப்பை நம்பாதீர்கள், நேவர் மேப் போடுங்கள்.

கடல் எங்கேயும் போய்விடாது. தேயோனிலிருந்து (கல்லூரி இருக்கும் பகுதி) பஸ்ஸில் யோங்ஹோ பக்கம் போனால் இகிதே பாறைக்கரைப் பாதை. ஒரு காலத்தில் ராணுவம் முள்வேலி போட்டு வைத்திருந்த இடம். அங்கே நின்றால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் குவாங்கான் பாலமும் ஹேஉண்டே அடுக்குமாடிகளும் தெரியும், கீழே அலை பாறையில் அடிக்கும், பக்கத்தில் ஒரு தாத்தா தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ராத்திரி நடக்கலாம், பயமில்லை, கல்லூரித் தெரு நடுச்சாமம் தாண்டியும் கலகலவென்று இருக்கும்.

மீன் விஷயத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஜகல்ச்சி சந்தையில் கானாங்கெளுத்தி, வாளை, கணவாய் எல்லாம் கிடைக்கும், கானாங்கெளுத்திதான் இந்த நகரத்தின் அதிகாரபூர்வ மீனே. விற்கும் அம்மாக்கள் சத்தமாகப் பேசுவதைச் சண்டை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், பூசான் பேச்சே அப்படித்தான். பக்கத்திலேயே கருவாட்டுக் கடைகள், நெத்திலியை அளவுவாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள், பெரியது சூப்புக்கு, சின்னது வறுவலுக்கு. வசந்த காலத்தில் கிஜாங்கில் உள்ள தேபியோன் துறைமுகத்துக்குப் போனால் வலையை வரிசையாகப் பிடித்து ஒரே தாளத்தில் உதறி நெத்திலியைப் பிரிப்பதைப் பார்க்கலாம். உங்கள் படிப்புக்கு அவசியம் பார்க்க வேண்டியது.

ஆனால் குப்பை! சாதாரணக் குப்பைக்கு அந்தந்த வட்டாரத்துக்கென்று விற்கும் பையைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும், உணவுக் கழிவு தனி. மீன் முள்ளும் நண்டு ஓடும் உணவுக் கழிவு கிடையாது, சாதாரணக் குப்பை. அதை நாலு நாள் அறைக்குள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று தூத்துக்குடிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான் முள்ளைக் கட்டி ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன்.

நோக்சான் தம்பி:
நான் யாழ்ப்பாணம், நோக்சான் தொழிற்பேட்டையில் வேலை. அக்கா, இவர் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் இது பல்கலைக்கழகத்துப் பூசான். எங்களுக்குக் கடல் என்றால் கொன்டெய்னரும் கிரேனும். சனிக்கிழமையும் அரை நாள் வேலை வந்துவிடும், ஹேஉண்டே கடற்கரைக்கு மெட்ரோவில் போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். எங்கள் பக்கத்து ஆட்கள் போவது தாதேபோவுக்கு, முதலாம் லைனின் கடைசி ஸ்டேஷன். ஆழமில்லாத கரை, அகலமான மணல், சூரியன் மறையும் நேரம் ஈர மணல் முழுக்கச் சிவந்துவிடும். வீடியோக்காரர்கள் அங்கே அவ்வளவாக வருவதில்லை, வராமலே இருக்கட்டும்.

புளி, பருப்பு, மிளகாய்த்தூளுக்கு சாசாங் அல்லது பக்கத்து ஊரான கிம்ஹே பழைய சந்தைப் பக்கம் வாங்கோ, ஞாயிற்றுக்கிழமை வியட்நாம், இந்தோனேசியா, நேபாளம் என்று எல்லா நாட்டு ஆட்களும் அங்கேதான். கிம்ஹேக்கு சாசாங்கிலிருந்து இலகு ரயில் இருக்கு.

குருவிக்கூடு:
கிம்ஹே என்றதும் யாராவது அந்த ஊரின் பழங்கதை ராணி ஹோ ஹ்வாங்-ஓக் தமிழச்சி என்று ஆரம்பிப்பதற்கு முன்னால்: கி.பி. 48-ல் ஆயுதா என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்தாள் என்பது 13-ஆம் நூற்றாண்டு நூலான சம்குக் யூசா சொல்லும் கதை. அந்த ஆயுதா எது என்பதில் இன்னும் சண்டை. கல்லறை அழகாக இருக்கும், போய்ப் பாருங்கள், சண்டையை வேறு இழையில் போடுங்கள்.

மற்றபடி தேயோன்வாசி சொல்வதை நான் ஏற்கவில்லை. நான் இருப்பது அதே யோங்டோ மேட்டில்தான். காலையில் பல் விளக்கிக்கொண்டே நங்கூரம் போட்ட கப்பல்களைப் பார்க்கிறேன், எது நேற்று இருந்தது, எது கிளம்பிவிட்டது என்று அடையாளம் தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டி நான் குப்பையைத் தப்பான நாளில் வைத்தால் திட்டுவார், மறுநாள் கிம்ச்சி கொண்டுவந்து கொடுப்பார். சுவரைப் பார்த்த அறையில் யார் இதெல்லாம் செய்வார்? கல்லூரித் தெருவில் பக்கத்து அறைக்காரர் முகமே தெரியாமல் இரண்டு வருடம் ஓடிவிடும். ஒன்று மட்டும், ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் வரும். 2003-ல் மெமி வந்து துறைமுகத்துக் கிரேன்களையே சாய்த்தது. கடலைப் பார்த்த ஜன்னல் என்றால் கண்ணாடி நன்றாக அடைக்கிறதா, சுவரில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஜூன், ஜூலையில் கடல்மூடுபனி வந்தால் துணி காயவே காயாது.

உப்பளத்தாள்:
எல்லாருக்கும் நன்றி. இப்போது இன்னும் குழப்பம்! அந்தப் பாட்டி கதைக்காகவே மேட்டுக்குப் போகலாம் போல இருக்கிறது, ஆனால் எனக்கு முழங்கால் அவ்வளவு நல்லதில்லை. கறிவேப்பிலை கொண்டுவரலாமா? குளிக்க இறங்கினால் உடை பற்றி ஏதாவது பார்ப்பார்களா?

தேயோன்வாசி:
முழங்கால் சரியில்லை என்றால் பேச்சே இல்லை, கீழேதான். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், விமான நிலையத்தில் தாவர ஆய்வில் எடுத்துவிடுவார்கள். பொடி கொண்டுவாருங்கள். உடைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், இங்கே பெண்கள் வெயிலுக்குப் பயந்து முழுக்கை போட்டுத்தான் தண்ணீரில் இறங்குகிறார்கள். சீசன் ஆகஸ்டோடு ஏறக்குறைய முடிந்துவிடும், அதற்கு மேல் பல கடற்கரைகளில் காவலர்கள் இருக்க மாட்டார்கள். நீங்கள் வரும் நேரத்துக்குக் காலை நனைத்தால் போதும்.

குருவிக்கூடு:
முழங்கால் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா. கீழே எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை யோங்டோ வாருங்கள், பாட்டியிடம் அறிமுகப்படுத்துகிறேன்.