ஈர்ப்பலைத் தரவு முழுக்க ‘என்ஏஎன்’ (‘எண் அல்ல’ என்ற குறி) வருகிறது; பி.எஸ்சி.க்குப் பிறகு இந்தத் துறைக்கு எப்படிப் போவது?

செக்காலை மாணவி:
காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான முதல் ஈர்ப்பலையை (வெளியையே நீட்டிச் சுருக்கும் அலை) திறந்த தரவிலிருந்து வரைந்து பார்க்க முயல்கிறேன். மடிக்கணினி 4 ஜிபிதான் என்பதால் அமெரிக்காவின் லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவிகளில் ஒன்றான ஹான்ஃபோர்ட்டின் கோப்பை 32 பிட்டுக்கு மாற்றினேன். அதன்பின் வைட்டனிங் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் அதன் இரைச்சலால் வகுத்துச் சமமாக்குவது), பிறகு 35–350 ஹெர்ட்ஸ் வடிகட்டல். எண்கள் எல்லாம் என்ஏஎன். வைட்டனிங்கை விட்டுவிட்டால் சீரான ஒரு பெரிய அலை மட்டும் தெரிகிறது. எங்கே தவறு? இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள இங்கிருந்து என்ன வழி? அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

கண்டனூர்:
தங்கச்சி, சிக்கல் அந்த 32 பிட்டில்தான். 100 ஹெர்ட்ஸ் பக்கம் லைகோவின் இரைச்சல் ஏறக்குறைய 10⁻²³. இரைச்சல் நிறமாலையில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்ற கணக்கு) வருவது அதன் வர்க்கம், 10⁻⁴⁶. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணே 1.4×10⁻⁴⁵. ஆகவே இரைச்சல் நிறமாலை பூச்சியமாகிவிடுகிறது. பூச்சியத்தால் வகுத்தால் என்ஏஎன்தான் மிஞ்சும். நினைவகத்தை மிச்சம் பிடிக்கத் தேவையே இல்லை: 32 விநாடி, விநாடிக்கு 4096 எண்கள், மொத்தம் 1,31,072, 64 பிட்டிலும் 1 எம்பிதான்.

அலை பதிவான ஜிபிஎஸ் நேரம் (விநாடிக் கணக்கு) 1126259462-க்கு முன்னும் பின்னும் 16 விநாடி எடுங்கள். இரைச்சல் நிறமாலையை வெல்ச் முறையில் (தரவைத் துண்டாக்கி, துண்டுகளின் நிறமாலைகளைத் தொகுப்பது) எடுங்கள்: 4 விநாடித் துண்டுகள், பாதிக்குப் பாதி மேற்பொருத்தி, சராசரிக்குப் பதில் இடைநிலை. ஒரு துண்டில் திடீர்க் கிளிட்ச் (கருவியில் எழும் இரைச்சல் வெடிப்பு) இருந்தால் சராசரி கெட்டுவிடும், இடைநிலை தாங்கும். வைட்டனிங் முடிந்தபின் வடிகட்டியை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் அலையின் கட்டம் நகர்ந்து உச்சம் தள்ளிப்போகும். இரு ஓரங்களிலும் 2 விநாடி வெட்டிவிடுங்கள், அங்கே வடிகட்டியின் அதிர்வுதான் இருக்கும்.

நீங்கள் கண்ட பெரிய அலை 35–37 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள அளவுத்திருத்தக் கோடுகளும் (கருவியைச் சரிபார்க்க வேண்டுமென்றே செலுத்தும் அதிர்வுகள்) 60 ஹெர்ட்ஸ் மின்சாரமும். அமெரிக்க மின்சாரம் 60, நம்மூர் 50. நம்மூருக்கு எழுதிய 50 ஹெர்ட்ஸ் நாட்ச்சை (ஒரே அதிர்வெண்ணை வெட்டும் வடிகட்டி) அப்படியே ஒட்டிவிடாதீர்கள். கோடு போகாது, சிக்னலில்தான் ஓட்டை விழும். சரியாக வந்தால் 0.2 விநாடிக்குள் 35-இலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறும் அலை தெரியும்.

தேவகோட்டை:
இந்தத் துறையில் சார்பியலுக்கு நிகராக இரைச்சலையும் படிக்க வேண்டும். 10⁻²¹ திரிபு (நீளத்தில் மாறும் பங்கு) லைகோவின் 4 கி.மீ. கரத்தில் 4×10⁻¹⁸ மீட்டர்தான், புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. நிலம் அதைவிடப் பல கோடி மடங்கு ஆடுகிறது.

வளவு வீட்டு ஊஞ்சலைப் பாருங்கள்: மேல் கொக்கியை மெல்ல அசைத்தால் பலகையும் கூடவே வரும், வேகமாக அதிரவைத்தால் பலகை அசையாது. 25 செ.மீ. நூலில் ஒரு குண்டைக் கட்டினால் அதன் அலைவுநேரம் 1 விநாடி. மேல்முனையை விநாடிக்கு 5 முறை ஆட்டினால் குண்டு 24-இல் ஒரு பங்குதான் நகரும். லைகோவின் 40 கிலோ கண்ணாடி இப்படி நான்கு அடுக்கு ஊசலில் தொங்குகிறது. ஒவ்வொரு அடுக்கும் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைக்கும். கடைசி அடுக்கு 0.4 மி.மீ. சிலிக்கா இழை. உலோகக் கம்பியாக இருந்தால் அதன் வெப்ப அசைவே சிக்னலை மூழ்கடித்துவிடும்.

2017 ஆகஸ்ட் 17 நியூட்ரான் விண்மீன் மோதலில், முடிவுக்கு ஏறத்தாழ 1 விநாடிக்கு முன் லைகோவின் மற்றொரு கருவியான லிவிங்ஸ்டனின் தரவில் பெரிய கிளிட்ச் விழுந்தது. அதை அடையாளம் கண்டு நீக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அந்தத் தரவு பயன்பட்டது.

பள்ளத்தூர்:
வழியைச் சொல்கிறேன். எம்.எஸ்சி.க்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரே விடை தேர்வு செய்யும் பகுதியில் மட்டும் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும்; எண் விடைப் பகுதியில் போகாது, அதைக் காலியாக விடாதீர்கள். எம்.எஸ்சி. முடியும்போது முனைவர் பட்டச் சேர்க்கைக்கான ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகள். புனே ஐயூகா, பெங்களூரு ஐசிடிஎஸ், சிறுசேரி சென்னை கணிதக் கழகம், சென்னை ஐஐடி ஆகிய இடங்களில் இந்த ஆய்வு நடக்கிறது. முனைவர் பட்டத்துக்கு 5 ஆண்டு, அதன்பின் 2–3 ஆண்டு போஸ்ட்டாக் (தற்காலிக ஆய்வுப் பணி) ஒன்றோ இரண்டோ வரும். நிரந்தர இடங்கள் குறைவு, அதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

முதல் கண்டுபிடிப்புக் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் பெயர் இருப்பது மட்டும் வேலை வாங்கித் தராது, “நீங்கள் தனியாக என்ன செய்தீர்கள்?” என்றே நேர்காணலில் கேட்பார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து எழுதும் சிறு கட்டுரை குறைந்தது இரண்டு வேண்டும்.

கருவிப் பக்கம் மனமிருந்தால் அதுவும் பெரிய வழி. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் ரூ.2,600 கோடி ஒப்புதல் ஆனது. வெற்றிடம், லேசர், கட்டுப்பாட்டு மின்னணுவியல் தெரிந்தவர்கள் அதற்குத் தேவை. லேசர் செல்லும் 1.2 மீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் உலோகத்திலிருந்து வெற்றிடத்துக்குள் கசியும் ஹைட்ரஜனைக் குறைப்பதே தனிப் படிப்பு. உலோகப் பரப்பைப் பற்றிக் கேட்க உங்கள் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. திறந்த நாளில் போய்ப் பாருங்கள்.

செக்காலை மாணவி:
64 பிட்டில் வந்துவிட்டது அண்ணே! லிவிங்ஸ்டனையும் போட்டேன், இரண்டு அலையும் ஒட்டவில்லை.

கண்டனூர்:
லிவிங்ஸ்டனில்தான் முதலில் வந்தது. அதை 6.9 மில்லி விநாடி, அதாவது 28 எண்கள், தாமதப்படுத்திக் கூட்டல்-கழித்தல் குறியை மாற்றுங்கள். இரண்டு கருவிகளும் வேறு வேறு திசையில் படுத்திருப்பதால் அலை தலைகீழாகத் தெரிகிறது.