ஹே ஊரில் கேரவனோடு ஒரு ராத்திரி: போய்த் தங்கியவர்கள் சொல்லுங்கள்

சிட்னியிலிருந்து அடிலெய்டு போகிற வழியில் ஏறக்குறைய பாதித் தூரத்தில், மரம்பிட்ஜி ஆற்றங்கரையில் இருக்கிறது ஹே. கேரவன் என்கிற வீட்டு வண்டியைக் காரின் பின்னால் இழுத்து வருகிறவர்கள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஊருக்குள் வந்துவிடுங்கள். அந்திக் கருக்கலில்தான் கங்காரு ரோட்டுக்கு வரும். இருட்டிவிட்டால் தலைக்கு மேல் என்ன கிளை நிற்கிறது என்றும் தெரியாது. ஆற்றோரம் நிற்பவை பெரும்பாலும் ரிவர் ரெட் கம் என்கிற யூக்கலிப்டஸ் மரங்கள். காற்றே இல்லாத நாளிலும் ஆள் பருமன் கிளையைச் சட்டென்று முறித்துப் போடும். நிழலுக்கு ஆசைப்பட்டு அடியில் நிறுத்தாதீர்கள்.

மண் சாம்பல் நிறக் களி. காய்ந்தால் டென்ட் முளை இறங்காது, நனைந்தால் டயர் இறங்கிவிடும். மழை வரும்போல இருந்தால் சரளை போட்ட இடமாகப் பாருங்கள். எங்கே, எத்தனை ராத்திரி தங்கலாம் என்பதை நகராட்சிப் பலகையில் படித்துவிட்டு இறங்குங்கள்.

——

நிறுத்திய பிறகு செய்யும் வரிசை முக்கியம். முதலில் ரசமட்டம் வைத்து அகலவாட்டில் சரி பாருங்கள்; தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்வுப் பலகையில் ஏற்றுங்கள். அடுத்து இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் கட்டை. அதன்பிறகுதான் காரைக் கழற்ற வேண்டும். நீளவாட்டு மட்டம் முன்சக்கர ஜாக்கியில். மூலைக் கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக் கதவு சிக்கும். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்கும் மட்டம் கட்டாயம். சாய்ந்து நின்றால் உள்ளே அம்மோனியா ஓட்டம் தடைபட்டுக் குளிர்ச்சி வராது.

கரண்ட் உள்ள இடமானால், கேரவன் பிளக் 15 ஆம்பியர். எர்த் பின் அகலம் என்பதால் வீட்டு 10 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. பின்னை அரத்தால் ராவி நுழைப்பது தீயைக் கூப்பிடுவது. 15 ஆம்பியரிலும் 2400 வாட் ஹீட்டரும் 2200 வாட் கெட்டிலும் சேர்ந்தால் 20 ஆம்பியர் தொடும், பிரேக்கர் விழும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

——

கேரவன் கழிப்பறைக் கழிவைக் கொட்டும் இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சின்ன ஊர்கள் பலவற்றில் அது செப்டிக் தொட்டிக்குத்தான் போகும். ஃபார்மால்டிஹைடு கலந்த கழிப்பறைக் கெமிக்கல் கொட்டினால் தொட்டியில் மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் சாகும், தொட்டி நிறைந்து நாறும், கடைசியில் ஊர்க்காரர்கள் பூட்டிவிடுவார்கள். செப்டிக்குக்கு ஒத்துப்போகும் பச்சை வகையையே வாங்குங்கள். ஈரத் துடைப்புத் தாள் ஒன்றுகூடப் போடக் கூடாது. கரையாமல் குழாயை அடைக்கும்.

கேசட்டை, அதாவது கழிவு சேரும் கழற்றித் தூக்கும் தொட்டியை, கவிழ்க்கும்போது காற்றுப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தியபடியே ஊற்றுங்கள். அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று வந்து காலில் தெறிக்கும். பிறகு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மறுபடி ஊற்றுங்கள். தெளிவாக வரும்வரை செய்யுங்கள். மூடும் முன் புது கெமிக்கலோடு இரண்டு லிட்டர் தண்ணீர்.

அங்கே இருக்கும் கழுவும் குழாயில் குடிதண்ணீர் ஓஸைச் செருகவே செருகாதீர்கள். எத்தனையோ பேர் அதே குழாய் முனையில் கேசட் வாயை முட்டிக் கழுவியிருப்பார்கள். குடிதண்ணீருக்குத் தனி ஓஸ், தனிப் பெட்டி. இந்தப் பக்கத்துச் சில ஊர்களில் வடிகட்டாத ஆற்றுத் தண்ணீர் தோட்டக் குழாயில் வரும். 'குடிக்க உகந்ததல்ல' என்ற பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே டாங்க்கை நிரப்புங்கள்.

——

மேலே சொன்னதோடு குளிர்கால விஷயம் ஒன்று. ஜூலையில் சில விடியற்காலைகளில் உறைபனி விழும். கையடக்க அடுப்பின் பியூட்டேன் டப்பா பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகாது. டப்பாவைக் குலுக்கினால் திரவம் சலசலக்கும், தீயோ கடுகளவுதான் நிற்கும். புரோபேன் சிலிண்டர் -42 வரை ஆவியாகும், அதில் சிக்கல் இல்லை. குளிருக்குப் பயந்து டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ மூட்டிவிடாதீர்கள். அதில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓஸில் தங்கிய தண்ணீரும் உறையும். படுக்கும் முன் குழாயை மூடி, ஓஸைக் கழற்றி, கெட்டிலை நிரப்பி வையுங்கள்.

தரையில் கிடக்கும் முள் நம்ம ஊர் நெருஞ்சியேதான், அதே செடி. ரப்பர் செருப்பைத் துளைக்கும், சைக்கிள் டியூபையும் விடாது. கெட்டி அடிச் செருப்போடு இறங்குங்கள்.

மறுநாள் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிறவர்கள் ஹேயில் தக்காளி, மிளகாய், பழம் எதையும் அன்றைக்கு வேண்டிய அளவுக்கு மேல் வாங்க வேண்டாம். பழ ஈ பரவாமலிருக்க யாம்பா சோதனைச் சாவடியில் அத்தனையையும் எடுத்துவிடுவார்கள்.